டெல்டாவிலிருந்து பிள்ளையை ஷோ ஜம்பிங் போட்டிக்கு அனுப்புவது எப்படி?

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் இருந்துகொண்டு, பள்ளிகளுக்கு இடையில் நடக்கும் ஷோ ஜம்பிங் (குதிரை மேல் ஏறி, கம்பு வைத்த தடைகளை வரிசைப்படி தாண்டும் விளையாட்டு) போட்டிக்குப் பிள்ளையை அனுப்ப நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னை, பெங்களூரு பெற்றோருக்குப் பெரும்பாலும் ரைடிங் ஸ்கூலே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். நமக்கு அப்படி இல்லை. நடுவில் ஒரு ராத்திரி ரயில் பயணம் இருக்கிறது, இப்படி ஒரு விளையாட்டு இருப்பதையே கேள்விப்படாத பள்ளி அலுவலகம் இருக்கிறது, வடகிழக்குப் பருவமழையும் இருக்கிறது. என் மகளுக்காக அலைந்ததில் நான் கண்டது ஒன்றுதான்: பிள்ளை கம்பு தாண்டக் கற்றுக்கொள்வது எப்படியோ நடந்துவிடுகிறது, காகிதம்தான் எங்கேயாவது மாட்டிக்கொள்கிறது. எந்த வேலையை எப்போது தொடங்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதலில், குதிரை வாங்காதீர்கள்

பிள்ளைக்குக் குதிரை ஆசை என்று தெரிந்ததும் யாராவது ஒருவர் வந்து “எனக்குத் தெரிந்த இடத்தில் ஒரு குதிரை இருக்கிறது, நல்ல விலைக்கு முடித்துத் தருகிறேன்” என்பார். கல்யாண ஊர்வலத்துக்குப் போகிற குதிரையாக இருக்கும், அல்லது ரேக்ளா ஓடி ஓய்ந்ததாக இருக்கும். அந்தக் குதிரைகளைக் குறை சொல்லவில்லை. ஆனால் வண்டி இழுத்துப் பழகிய குதிரைக்கு முதுகில் ஆள், முன்னால் கம்பு இரண்டுமே புதுசு. அதற்குக் கற்றுக்கொடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும், அந்த ஆள் நம் ஊரில் கிடைப்பது கஷ்டம். தெரியாத குதிரையும் தெரியாத பிள்ளையும் சேர்ந்து கற்றுக்கொள்வதைப் போல ஆபத்தானது வேறில்லை.

இன்னொரு விஷயம் மண். நம்முடையது வண்டல், களிமண். மழை பெய்தால் வழுக்கும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். தாண்டி இறங்கும்போது முழு எடையும் முதலில் முன்னங்கால்களில்தான் விழும் என்பதால் அதற்கு மணல் பரப்பிச் சீராக வைத்த தரை வேண்டும். வயல் பக்கத்துத் திடலில் கம்பு நட்டுத் தாண்ட விட்டால் குதிரையின் கால் போய்விடும்.

கற்றுக்கொள்கிற இடத்தின் குதிரையிலேயே போட்டிக்கும் போகலாம். ஆரம்ப நிலைப் பிள்ளைகளில் நிறையப் பேர் அப்படித்தான் வருகிறார்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

2. எங்கே கற்பது, எப்படிப் போய்வருவது

டெல்டாவுக்குக் கிட்டத்தில் என்றால் ஆரோவில்லில் இருக்கும் ரெட் எர்த் ரைடிங் ஸ்கூல். மயிலாடுதுறையிலிருந்து சீர்காழி, சிதம்பரம், கடலூர், புதுச்சேரி வழியாக நூற்றுப் பத்து இருபது கிலோமீட்டர், அதிகாலையில் கிளம்பினால் காலை வகுப்பைப் பிடித்துவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்பலாம். அடுத்தது சென்னை. சென்னை ஈக்விட்டேஷன் சென்டர் போன்ற இடங்கள் இருக்கின்றன, உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர். பெங்களூரில் எம்பசி இன்டர்நேஷனல் ரைடிங் ஸ்கூல் பெரியது, போட்டிகளும் நடக்கும். அதற்கு நம் பக்கத்து மைசூர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, சாயங்காலம் ஏறினால் காலையில் பெங்களூரு.

வாரம் ஒரு நாள் போய்வருவது முதல் இரண்டு மாதத்துக்கு ஓகே. அதற்கப்புறம் அது பிள்ளையைக் களைப்பாக்குமே தவிர முன்னேற்றாது, ஏனென்றால் ஒரு வாரம் கழித்துப் போகும்போது உடம்பு பாதியை மறந்திருக்கும். என்னைக் கேட்டால், காலாண்டு லீவு, பொங்கல் லீவு, கோடை லீவு இவற்றில் பத்துப் பதினைந்து நாள் அங்கேயே தங்கித் தினமும் ஏறுவதுதான் காசுக்கும் உடம்புக்கும் நல்லது. சேரும்போதே ஒரு கேள்வியைத் தெளிவாகக் கேட்டுவிடுங்கள்: “போட்டிக்கு உங்கள் குதிரையைக் கொடுப்பீர்களா, எந்த உயரத் தடை வரை கொடுப்பீர்கள்?” சில இடங்களில் வகுப்புக்குக் கொடுக்கும் குதிரையை வெளியே அனுப்ப மாட்டார்கள். இதை ஆறு மாதம் கழித்துத் தெரிந்துகொண்டு என்ன பிரயோஜனம்?

3. பள்ளிக் கடிதத்தை இப்போதே வாங்குங்கள்

குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று நம் பள்ளிகள் பழகிய வரிசையில் குதிரையேற்றம் கிடையாது. அதனால் உடற்கல்வி ஆசிரியரிடம் போய் “இன்டர் ஸ்கூல் ஷோ ஜம்பிங், பள்ளி சார்பில் என்ட்ரி வேண்டும்” என்றால் அவர் விழிப்பார். அவர் மேல் தப்பில்லை. “சுற்றறிக்கை எங்கே?” என்றுதான் முதல் கேள்வி வரும். சுற்றறிக்கை வராது. போட்டி நடத்துபவர்கள் வெளியிடும் அழைப்புத்தாளைத்தான் காட்ட முடியும், அதையும் போட்டிக்குச் சில வாரம் முன்புதான் வெளியிடுவார்கள். எங்களுக்கு ஒரு தடவை கடிதம் மேஜை மேஜையாகப் போய்த் திரும்பி வருவதற்குள் என்ட்ரி தேதியே முடிந்துவிட்டது.

அதனால் கல்வியாண்டு தொடங்கும் ஜூன் மாதத்திலேயே, எந்தப் போட்டியின் பெயரும் போடாமல், பொதுவான அனுமதிக் கடிதம் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: பிள்ளை இந்தப் பள்ளியில் இந்த வகுப்பில் படிக்கிறார், இந்தக் கல்வியாண்டில் நடக்கும் குதிரையேற்றப் போட்டிகளில் பள்ளியின் பெயரில் கலந்துகொள்ள ஆட்சேபம் இல்லை, செலவும் பொறுப்பும் பெற்றோருடையது. மூன்றாவது வரியைப் பார்த்தால்தான் தலைமையாசிரியர் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவார். நீங்களே தட்டச்சு செய்து மாதிரியைக் கொண்டுபோனால் வேலை சீக்கிரம் முடியும். பள்ளி லெட்டர்ஹெட், முத்திரை, தேதி, பிள்ளையின் ஃபோட்டோ மேல் பாதி விழுகிற மாதிரி ஒரு சீல். கூடவே ஒரு போனஃபைடு சான்றிதழ். இரண்டையும் ஸ்கேன் செய்து ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள்.

அணிப் போட்டி என்றால் ஒரே பள்ளியிலிருந்து மூன்று அல்லது நான்கு பேர் வேண்டும். நம் ஊரில் ஒரு பள்ளிக்கு ஒரு பிள்ளை கிடைப்பதே பெரிசு. தனிநபர் பிரிவில் சேர்த்துக்கொள்வார்களா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

4. வயதும் பெயரும்

வயதை நாம் பிறந்தநாளை வைத்துக் கணக்குப் போடுவோம். சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதிப்படி பிறந்த ஆண்டுதான் கணக்கு. சில்ட்ரன் பிரிவு 12 முதல் 14, ஜூனியர் 14 முதல் 18. பிள்ளைக்கு டிசம்பர் 28-ஆம் தேதிதான் 12 முடிகிறது என்றாலும் அந்த ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்தே 12 வயதுக்காரர் கணக்கு. அதே போல 14 முடியும் ஆண்டின் டிசம்பர் 31 வரை சில்ட்ரன் பிரிவில் இருக்கலாம். 12-க்குக் கீழே உள்ளவர்களுக்கு நடத்துபவர்களே தனிப் பிரிவு வைப்பார்கள், அதன் வயது வரம்பு இடத்துக்கு இடம் மாறும். அழைப்புத்தாளைப் பாருங்கள்.

பெயர்ப் பிரச்சினை இதைவிடப் பெரிது. விண்ணப்பத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நமக்கோ இனிஷியல்தான். ஆதாரில் இனிஷியல் பின்னால், பிறப்புச் சான்றிதழில் இனிஷியலே இல்லை, பள்ளிப் பதிவில் முன்னால், பாஸ்போர்ட் எடுத்திருந்தால் அதில் அப்பா பெயர் முழுசாக. நான்கும் நான்கு ஆளாகத் தெரியும். தொடங்கும்போதே எது நிலையானது என்று முடிவு செய்து (பாஸ்போர்ட் இருந்தால் அதுவே, இல்லாவிட்டால் ஆதார்) எல்லா விண்ணப்பத்திலும் எழுத்துக்கு எழுத்து அதையே போடுங்கள். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயரே பதிவாகாமல் வெறும் ‘ஆண் குழந்தை’, ‘பெண் குழந்தை’ என்று நிற்பது நம் பக்கம் சகஜம். அப்படி இருந்தால் முதல் வேலை அதைச் சரிசெய்வது, நகராட்சியிலோ பேரூராட்சியிலோ அது ஒரே நாளில் முடியும் என்று நம்ப வேண்டாம்.

இவை தவிரத் தேவைப்படுபவை: உடல்தகுதிச் சான்றிதழ், பெற்றோர் ஒப்புதல் கடிதம், விபத்துக்கு நடத்துபவர்கள் பொறுப்பல்ல என்று நீங்கள் கையெழுத்துப் போடும் படிவம். தேசிய அளவிலான போட்டிக்கோ அதற்கான தகுதிச் சுற்றுக்கோ போவதானால் இந்தியக் குதிரையேற்றக் கூட்டமைப்பில் ரைடராகப் பதிவும் வேண்டும். பள்ளிகளுக்கு இடையிலான சின்னப் போட்டிகளில் சில இடங்களில் இதைக் கேட்க மாட்டார்கள். கேட்காவிட்டாலும், பிள்ளை தொடர்ந்து ஏறப்போகிறார் என்று தெரிந்தால் பதிந்துவிடுங்கள்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் ஏமாற வேண்டாம். வீட்டில் இருக்கும் பாலிசியில் விதிவிலக்குகள் பக்கத்தைப் படியுங்கள், சாகச விளையாட்டு, குதிரைப் போட்டி இரண்டையும் விலக்கியிருக்க வாய்ப்பு அதிகம். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், லாயத்தில் சிராய்ப்பு இல்லாத நாளே இருக்காது.

5. குதிரையின் காகிதம்

குதிரை ரைடிங் ஸ்கூலுடையது என்றால் இது அவர்கள் வேலை. ஆனாலும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள், ஏனென்றால் குதிரை வாசலில் நிறுத்தப்பட்டால் திரும்பி வருவது உங்கள் பிள்ளைதான். பார்க்க வேண்டியது குதிரையின் அடையாளப் புத்தகம் (அதையும் பாஸ்போர்ட் என்றுதான் சொல்வார்கள்), இன்ஃப்ளூயன்ஸா தடுப்பூசிப் பதிவு, கிளாண்டர்ஸ் (குதிரைகளுக்கு வரும் ஒரு தொற்றுநோய்) இல்லை என்ற ரத்தப் பரிசோதனை முடிவு. சர்வதேச விதியில், போட்டிக்கு வரும் குதிரைக்குக் கடைசி ஊசி போட்டு 6 மாதம் 21 நாளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, அதே சமயம் வந்து சேர்வதற்கு முந்தைய 7 நாளுக்குள் ஊசி போட்டிருக்கவும் கூடாது. கடைசி வாரத்தில் ஞாபகம் வந்து ஊசி போட்டாலும் மாட்டிக்கொள்வோம் என்பது இதனால்தான்.

இவ்வளவு சொல்லியும் சொந்தக் குதிரையோடுதான் போவேன் என்பவர்களுக்கு: ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கிருந்து தொடங்குங்கள். கிளாண்டர்ஸ் சட்டப்படி அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய் என்பதால் அந்தப் பரிசோதனை எல்லா லேபிலும் நடக்காது, மாதிரி வெளியூர் போய்த்தான் முடிவு வரும். அதற்கான நாட்களை ஒதுக்கிவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள். லாரியில் ஏற்றும் முன் பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவர் சான்றும் கையில் இருக்க வேண்டும்.

6. உடுப்பு

மூன்று முனையில் பட்டை பிடிக்கும் ரைடிங் ஹெல்மெட். சைக்கிள் ஹெல்மெட், பைக் ஹெல்மெட் செல்லாது. ஹெல்மெட்டை மட்டும் புதிதாக வாங்குங்கள், ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே போயிருக்கும். டெகத்லானின் ஃபூகான்ஸா வரிசையில் ஆரம்பத்துக்குப் போதுமானவை கிடைக்கின்றன. மார்புக் கவசம், வெள்ளை அல்லது வெளிர் நிறப் பிரீச்சஸ் (குதிரையேற்றக் கால்சட்டை), பூட்ஸ், கோட் இவற்றை மற்றப் பெற்றோரிடம் செகண்ட் ஹேண்டாகக் கேளுங்கள், வளர்கிற பிள்ளைகள் என்பதால் எல்லார் வீட்டிலும் சின்னதாகிப் போனது கிடக்கும். சாட்டை 75 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் உள்ளே விட மாட்டார்கள்.

7. செலவு

என்ட்ரி கட்டணத்தைப் பார்த்துவிட்டு “இவ்வளவுதானா” என்று சந்தோஷப்படாதீர்கள். இருப்பதிலேயே சின்னத் தொகை அதுதான். கேட்க வேண்டியவை: என்ட்ரி ஒரு நாளுக்கா, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியா? (பெரும்பாலும் பிரிவுக்குத்தான். 60 சென்டிமீட்டர், 70 சென்டிமீட்டர் உயரத் தடைப் பிரிவுகள் இரண்டிலும் இறங்கினால் இரண்டு கட்டணம்.) குதிரை வாடகை, குதிரையைக் கொண்டுபோகும் வண்டி, அங்கே லாய வாடகை, தீவனம், குதிரையைப் பார்த்துக்கொள்ளும் சைஸுக்குக் கூலியும் சாப்பாடும், போட்டி நாளில் கோச்சுக்குத் தனிக் கட்டணம். வண்டிச் செலவை எத்தனை குதிரை போகிறதோ அத்தனையாகப் பங்கு போடுவார்கள், கடைசி நேரத்தில் ஒரு குதிரை போகாவிட்டால் மிச்சப் பேர் தலையில் விழும். அதனால் “அதிகபட்சம் எவ்வளவு வரும்” என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்ன கணக்கும் கடைசியில் வந்த கணக்கும் எங்களுக்கு ஒரு தடவைகூட ஒத்துப்போனதில்லை.

கடைசித் தேதிக்கு அப்புறம் விலகினால் பணம் திரும்ப வராது. மருத்துவச் சான்று கொடுத்தால் ஒரு பகுதி தருவார்களா என்று அழைப்புத்தாளில் இருக்கும், பணம் கட்டும் முன் படியுங்கள். ஜிபேயில் கட்டினால் குறிப்புப் பகுதியில் பிள்ளை பெயரும் பிரிவும் போட்டு, ஸ்கிரீன்ஷாட்டை மின்னஞ்சலிலும் அனுப்பி வையுங்கள்.

8. தேதி

தெற்கே போட்டிகள் அதிகம் நடப்பது வெயில் தணிந்த மாதங்களில். நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை அடைமழை, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த வருஷம் ஒரே ஒரு போட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். புயல் சின்னம் என்றால் புதுச்சேரி, சென்னைப் பக்கத்தில் போட்டி தள்ளிப்போகலாம், அதனால் திரும்பி வரும் டிக்கெட்டுக்கு அடுத்த நாளுக்கும் ஒரு மாற்று வழி யோசித்து வையுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. தேதி உறுதியாகும்போது நம் ரயில்களில் வெயிட்டிங் லிஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும். உத்தேசத் தேதி தெரிந்த உடனே போட்டுவிட்டு, தேவையில்லாவிட்டால் ரத்து செய்வதே லாபம்.

9. ஊரிலேயே செய்ய முடிந்த பயிற்சி

குதிரை இல்லாத நாட்களில் என்ன செய்வது என்று கவலைப்பட வேண்டாம். போட்டியில் பிள்ளைகள் தோற்பது பாதிக்கு மேல் வழியை மறப்பதாலும் தூரத்தைத் தப்பாகக் கணிப்பதாலும்தான், இரண்டுக்கும் குதிரை தேவையில்லை. அறுவடை முடிந்த பிறகு காலியாகக் கிடக்கும் களம் போதும். எட்டு மூங்கில் கம்பு, செங்கல், எண் எழுதிய அட்டை. ஒவ்வொரு தடைக்கும் வலது பக்கம் சிவப்புத் துணி, இடது பக்கம் வெள்ளைத் துணி. போட்டியிலும் அப்படித்தான் கொடி இருக்கும், சிவப்பு எப்போதும் வலக்கைப் பக்கம் வர வேண்டும், மாறி வந்தால் தப்புத் திசையில் தாண்டுகிறோம் என்று அர்த்தம்.

பிள்ளை ஒரு தடவை நடந்து பார்க்கட்டும், பிறகு தாளைப் பார்க்காமல் ஓடித் தாண்டட்டும். தினமும் வரிசையை மாற்றுங்கள்.

தூரக் கணக்கு இப்படி: குதிரை கேண்டரில் (மிதமான பாய்ச்சல் ஓட்டத்தில்) ஒரு எட்டு, அதாவது ஒரு தாவு, வைத்தால் சுமார் 3.6 மீட்டர். பெரியவர் நடை ஒன்றை 90 சென்டிமீட்டராகப் பழக்கிக்கொண்டால் நான்கு நடை ஒரு குதிரை எட்டு. முதல் தடையைத் தாண்டி இறங்க இரண்டு நடை, அடுத்த தடைக்கு எழும்ப இரண்டு நடை, நடுவில் இருப்பதை நாலு நாலாக எண்ண வேண்டும். இரண்டு தடைக்கு நடுவே 18 மீட்டர் என்றால் மொத்தம் இருபது நடை, இறங்கவும் எழும்பவும் நான்கைக் கழித்தால் பதினாறு, அதாவது குதிரைக்கு நான்கு தாவு. போனி (உயரம் குறைந்த சின்னக் குதிரை) என்றால் அதன் தாவு இதைவிடச் சின்னது, உயரம் குறைந்த பிரிவுகளில் குதிரையும் மெதுவாக வரும், ஆகவே கடைசி வார்த்தை கோச்சுடையது. ஆனால் 90 சென்டிமீட்டர் நடையைப் பிள்ளையின் காலில் ஏற்றுவது வீட்டில்தான் நடக்க வேண்டும். டேப்பை விரித்து வைத்துக்கொண்டு தினமும் பத்து நிமிஷம் நடக்க விடுங்கள்.

10. போட்டி நாள்

முதல் நாள் சாயங்காலமே போய்ச் சேர்ந்து பதிவு மேஜையில் எண் வாங்கிக்கொள்ளுங்கள். அசல் ஆவணங்களோடு இரண்டு செட் ஜெராக்ஸ். பள்ளியின் பெயர் பட்டியலில் சரியாக இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள்.

காலையில் கோர்ஸை (தடைகள் வைத்த பாதையை) நடந்து பார்க்க நேரம் கொடுப்பார்கள், அப்போது மைதானத்துக்குள் பிள்ளையும் கோச்சும் போவார்கள். நீங்கள் போகாதீர்கள். வார்ம்-அப் இடத்திலும் தடைகளுக்குச் சிவப்பு வெள்ளைக் கொடி உண்டு, எதிர்த்திசையில் தாண்டினால் அங்கேயே நடவடிக்கை.

பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டியவை: மணி அடித்த பிறகு 45 விநாடி இருக்கிறது, அவசரப்பட வேண்டாம். மணிக்கு முன்பே தொடக்கக் கோட்டைக் கடந்து முதல் தடையைத் தாண்டினால் வெளியே. கம்பு விழுந்தால் 4 தண்டப்புள்ளி, குதிரை முதல் தடவை தாண்ட மறுத்தால் 4. சர்வதேச விதியில் இரண்டாவது மறுப்போடு ஆட்டம் முடிந்தது, ஆரம்பநிலைப் பிரிவுகளில் இன்னொரு வாய்ப்பு கொடுப்பதும் உண்டு. விழுந்தால் வெளியே, எழுந்து ஏறித் தொடரக் கூடாது. ஏ, பி என்று எழுத்துப் போட்ட இரட்டைத் தடையில் பி-யில் குதிரை நின்றுவிட்டால் மறுபடி ஏ-யிலிருந்து தாண்ட வேண்டும். இதைத்தான் நிறையப் பிள்ளைகள் மறக்கிறார்கள், நேராக பி-யைத் தாண்டிவிட்டு ஏன் மணி அடிக்கிறது என்று முழிக்கிறார்கள்.

பெற்றோருக்கு ஒன்று. வேலி ஓரம் நின்று “ரைட்ல போ, அடுத்தது நாலு!” என்று கத்தினால் அது வெளியார் உதவி, நடுவர் பிள்ளையை வெளியேற்றலாம். ஜல்லிக்கட்டு பார்த்து வளர்ந்த நமக்கு வாயை மூடிக்கொண்டு நிற்பது கஷ்டம்தான், வேறு வழியில்லை.

11. திரும்பும் முன்

இடம் கிடைக்காவிட்டாலும் பங்கேற்புச் சான்றிதழ் உண்டு, கேட்டு வாங்குங்கள். அதில் பிள்ளையின் பெயர், பள்ளியின் பெயர், பிரிவு, தேதி நான்கும் நீங்கள் விண்ணப்பத்தில் கொடுத்தபடியே இருக்கிறதா என்று மேஜையை விட்டு நகரும் முன் படித்துப் பாருங்கள், ஊருக்கு வந்து திருத்தக் கேட்டால் மின்னஞ்சலில் மாதக்கணக்கில் இழுக்கும். பள்ளி வருகைப் பதிவில் விடுப்பாகப் போடாமல் ஆன் டியூட்டியாகப் போட வேண்டுமானால், திங்கட்கிழமையே சான்றிதழ் நகலோடு ஒரு கடிதம் கொடுத்து, இன்னொரு நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் வருகைக் கணக்கை முடித்துவிட்டால் அப்புறம் மாற்ற மாட்டார்கள்.